நத்தை மார்க் சட்டை

ஏழு நாள் இரவும் பகலும் சைக்கிள் மிதித்து, புறப்பட்ட இடத்தை விட்டு நூறடிகூடத் தள்ளிப் போகாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவருடைய பெயர் கோவில்பட்டியில் யாருக்கும் தெரியாது. வட்டம் அண்ணாச்சி என்றால் எல்லோருக்கும் தெரியும்.

நாகலாபுரம் பக்கத்துக்காரர். ஊர் ஊராகப் போய், மைதானத்தில் வட்டம் போட்டு, ஏழு நாள் கால் ஊன்றாமல் சைக்கிள் சுற்றுவதுதான் அவர் தொழில். சாப்பாடு, குளியல், சவரம் எல்லாம் சைக்கிள் மேலேயே. சவரம் செய்ய வந்தவர் கத்தியோடு பின்னால் ஓடியதைப் பார்த்து, ஊருக்குப் புதிதான ஒரு போலீஸ்காரர் அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அண்ணாச்சி அன்று முழுவதும் ஒரு பக்க மீசையோடு சுற்றினார்.

ஐம்பதுகளின் கடைசி அது. நான் ஒரு தீப்பெட்டி ஆபீசில் குமாஸ்தா. தொழிற்சாலையைத்தான் எங்கள் பக்கம் ஆபீஸ் என்பார்கள். முதலாளி புதிதாக ஒரு தீப்பெட்டி போட்டிருந்தார். நத்தை மார்க்.

"எதுக்கு மொதலாளி நத்தை?" என்று கேட்டேன்.

"புலி, சிங்கம், யானை எல்லாம் ஆளுக்கொண்ணா எடுத்துக்கிட்டானுவ. நத்தையை எவனும் தொடலை. அதான்."

வாங்குகிறவர்களும் தொடவில்லை. அப்போதுதான், வட்டம் அண்ணாச்சியின் சட்டையில் விளம்பரம் எழுதலாம் என்று நான் யோசனை சொன்னேன். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரி தம்பி. வித்தா உனக்கு நல்ல பேரு. விக்கலைன்னா நீ எட்டயபுரத்துக்கே போயிரு."

எட்டயபுரம் என் சொந்த ஊர்.

நான் போவதற்குள் சட்டையின் முன்பக்கத்தை மார்க்கெட்டில் கோலி சோடா கம்பெனி வைத்திருந்த பாய் பேசி முடித்துவிட்டார். எங்களுக்கு முதுகுதான் கிடைத்தது. பெயிண்டர் முன்னால் 'குடித்துப் பாருங்கள் பாய் சோடா' என்றும், பின்னால் 'நத்தை மார்க் தீப்பெட்டி' என்றும் எழுதினார். எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்று சொன்னது நான். அதனால் 'தீப்பெட்டி' சட்டையின் அடி விளிம்புக்கு இறங்கிவிட்டது. அண்ணாச்சியோ சட்டையை டவுசருக்குள் செருகுகிறவர். தீப்பெட்டி உள்ளே போய்விட்டது.

முதல் நாள், முதுகில் நத்தையைப் பார்த்த பாதிக் கூட்டம் இது மெதுவாக ஓட்டுகிற போட்டி என்று நினைத்து, மற்றவர்கள் எப்போது வருவார்கள் என்று காத்திருந்தது.

இரண்டாம் நாள் சோடா பாய் எங்கள் ஆபீசுக்குள் வந்து நின்றார்.

"வரும்போது குடித்துப் பாருங்கள், போகும்போது நத்தை. என் சோடாக்குள்ள நத்தை கெடக்குன்னு சாத்தூர் வரைக்கும் பேசுதாவ, மொதலாளி. குடிக்க வாரவன் பாட்டிலை வெளிச்சத்துல தூக்கித் தூக்கிப் பாக்கான்."

"எனக்கும் அதே கததான் பாய்" என்றார் முதலாளி. "தீப்பெட்டிக் கடையில வந்து நத்தை சோடா இருக்கான்னு கேக்கானுவ."

பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

மூவரும் மைதானத்துக்குப் போனோம். அண்ணாச்சியோடு பேசுவது சுலபமில்லை. நாம் ஒரு வார்த்தை சொன்னால், ஒரு சுற்று போய் வந்துதான் பதில் சொல்லுவார்.

"சட்டையை வெளிய எடுத்து விடுங்க அண்ணாச்சி" என்றேன்.

ஒரு சுற்று.

"சீட்டுல மாட்டிக்கிடும் தம்பி."

இன்னொரு சுற்று.

"வேணும்னா முன்னுக்குப் பின்னா மாத்திப் போடுதேன்."

இரண்டு கையையும் விட்டுச் சட்டையைக் கழற்றி, மாற்றிப் போட்டார். கூட்டம் கைதட்டியது. இப்போது வரும்போது 'நத்தை மார்க்', போகும்போது 'குடித்துப் பாருங்கள்'. பாய் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கவலைப்படாதீங்க பாய். நான் எதிர்ப்பக்கமாச் சுத்துதேன்" என்றார் அண்ணாச்சி.

அதனால் என்ன மாறும் என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கும் விளங்கியிருக்காது. இருந்தாலும் ஒரு மணி நேரம் நாங்கள் மூவரும் உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஐந்தாம் நாள் பாய் பொறுக்கமாட்டாமல், "சட்டையே வேண்டாம், கழட்டிப் போட்டுட்டுச் சுத்துங்க" என்றார். அண்ணாச்சி இரண்டு சுற்று வேகமாகப் போனார். மூன்றாவது சுற்றில் வேகத்தைக் குறைத்தார்.

"மூணு ஊர்ல ஆறாம் நாள் விழுந்துருக்கேன் பாய். ஏழு நாள் முழுசா ஒரு ஊர்லயும் சுத்தலை. இங்கனதான் நெஞ்சுல ஒருத்தர், முதுகுல ஒருத்தர்னு ரெண்டு பேரு கூட வருதாவ. கழட்டச் சொல்லாதீங்க."

அதற்குப் பிறகு யாரும் சட்டையைப் பற்றிப் பேசவில்லை.

ஆறாம் நாள் மத்தியானம் மழை பிடித்தது. எங்கள் கரிசல் நனைந்தால் சந்தனம் மாதிரி அப்பிக்கொள்ளும். இரண்டு சக்கரமும் உருண்டை உருண்டையாக மண்ணைச் சுருட்டின. அண்ணாச்சி எழுந்து நின்று மிதித்தார். வண்டி தள்ளாடியது.

முதலாளி என் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஆபீசுல கெடக்க கழிவுத் தீக்குச்சி எல்லாத்தையும் வண்டில ஏத்திக் கொண்டாரச் சொல்லுலே."

நான் ஓடிப்போய் வண்டியோடு திரும்பியபோது, சோடாப் பெட்டிகளில் இருந்த வைக்கோலையெல்லாம் பாய் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிய முதலாளியும், கைலியைத் தூக்கிச் செருகிய பாயும், தடம் முழுக்கக் குச்சியும் வைக்கோலும் பரப்பினார்கள். அதன்மேல் அண்ணாச்சி சுற்றினார். சட்டை முழுக்கச் சேறு. சோடாவும் தெரியவில்லை, நத்தையும் தெரியவில்லை.

எட்டாம் நாள் நண்பகலில் ஏழு நாளும் முடிந்தன. இறங்க அவருக்குக் கால் வரவில்லை. முதலாளி ஒரு பக்கமும் பாய் ஒரு பக்கமும் தாங்கி இறக்கினார்கள். மைக்கை நான் நீட்டினேன்.

"சோடாக் கம்பெனி மொதலாளிக்கும், தீப்பெட்டி பாய்க்கும் என் நன்றி" என்றார்.

யாரும் திருத்தவில்லை.

அடுத்த மாதம் தீப்பெட்டி விற்றது, சோடாவும் விற்றது. ஏன் என்று எங்கள் மூவருக்கும் கடைசிவரை புரியவில்லை. எனக்கு வேலை நிலைத்தது.

சுற்று முடிந்த மறுநாள் காலை எட்டயபுரம் ரோட்டில் அண்ணாச்சி சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்து போவதைப் பார்த்தேன்.

"ஏறி மிதிக்கலையா அண்ணாச்சி?"

"ஏழு நாளாச் சுத்தியிருக்கு தம்பி. வண்டிக்கு அசதியா இருக்கும்லா."

ஆபீசுக்கு நேரமாகியிருந்தது. அவர் ஒரு கைப்பிடியைப் பிடித்திருந்தார். மறு கைப்பிடியை நான் பிடித்துக்கொண்டேன்.