மாடியிலிருந்து வந்த தூண்டுதல்

மதிப்பிற்குரிய உணவக லைசென்ஸ் அதிகாரி ஐயா அவர்களுக்கு,

கீழே சாப்பாட்டுக் கடையும் மேலே நானுமாக இருக்கிற கட்டடத்தின் மாடி வீட்டுக்காரி எழுதிக்கொள்வது. நீங்களும் உங்கள் வீட்டாரும் ஒரு தலைவலி கூட இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். நீங்கள் நன்றாக இருந்தால்தான் வியாழக்கிழமை விசாரணைக்கு வர முடியும், அந்தக் கடையின் லைசென்சை ரத்து செய்ய முடியும். என் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தியவர் என் பெரியப்பா. அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர் செத்துப்போய்த் தப்பித்துக்கொண்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கடையில் யாரும் எதையும் எழுதிக்கொள்வது கிடையாது. வந்தவர்கள் கேட்டதைப் பரிமாறுகிறவன் நின்ற இடத்திலிருந்தே சமையல்கட்டுக்குக் கத்துவான். காதில் விழுந்துவிட்டது என்பதற்கு அடையாளமாகச் சமையல்காரன் அதையே திருப்பிக் கத்துவான். பரிமாறுகிறவனுக்கு எங்கள் தெருவில் மைக்செட் என்றுதான் பெயர். "ஜன்னலோரம் ரெண்டு சோறு, ஒரு கோழி சூப்பு, காரம் கம்மி!" என்று இவன் போட்டால், "காரம் கம்மீ!" என்று உள்ளேயிருந்து வரும். புகை போகிற குழாய் என் சமையலறை ஜன்னலை ஒட்டித்தான் மேலே ஏறுகிறது, புகை பாதி பேச்சு பாதியாக அத்தனையும் என் வீட்டுக்குள் வந்துவிடும். மத்தியானம் கண்ணை மூடினால் கனவிலும் காரம் கம்மிதான். இறங்கிப் போய் முதலாளியிடம் முறையிட்டேன். "காதுல பஞ்சு வெச்சுக்கோங்க பாட்டி" என்று பல்லைக் காட்டினான். "முதல்ல அதை உன் ஆளு வாயில வைடா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அது போன மழைக்காலத்தில். நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தான், இரண்டாவது பொத்தான் இல்லை.

நீங்களும் ஒரு தடவை சோதனைக்கு வந்தீர்கள். நீங்கள் வருவது அவனுக்கு எப்படியோ முன்னாலேயே தெரிந்துவிட்டது. அன்றைக்கு மைக்செட் எழவு வீட்டில் துக்கம் விசாரிக்கிற மாதிரி ஒவ்வொரு மேசையாகக் குனிந்து கிசுகிசுத்தான். நீங்கள் 'சத்தம் ஏதும் இல்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டீர்கள். அன்றைக்கு அந்தக் கடையில் வாய்விட்டுப் பேசிய ஒரே ஆள் நீங்கள்தான். "சூப்பு இன்னொண்ணு கொண்டாப்பா" என்றீர்கள். குறையாகச் சொல்லவில்லை ஐயா, நினைவிருக்கிறது என்று சொல்கிறேன்.

இனி இந்த விசாரணைக்குக் காரணமான அடிதடிக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடையில் வறுத்த மீன் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். ஜன்னலோரம் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்த மீசைக்காரரும், கை கழுவுகிற இடத்தருகே அண்ணன் தம்பிகளோடு உட்கார்ந்திருந்த நெட்டையனும் நான்தான் முதலில் கேட்டேன் என்று ஆளாளுக்கு நின்றார்கள். மைக்செட் இருவருக்கும் நல்லவனாகப் பார்த்து, "ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சார் கேட்டீங்க" என்று மழுப்பினான். எனக்குப் பொய் பொறுக்காது. ஜன்னலைத் திறந்து, "டேய், மீனை முதல்ல கேட்டது கை கழுவுற இடத்துல இருக்கிறவன்! மீசைக்காரன் அப்போ முட்டைதான் கேட்டான், அப்புறம்தான் மாத்தினான்!" என்று குழாய் வழியாகச் சொன்னேன். கடையே அண்ணாந்து பார்த்ததாம். "கிழவிக்கு என்னய்யா தெரியும்?" என்றார் மீசைக்காரர். "பெரியவங்களைக் கிழவின்னா சொல்றே?" என்று நெட்டையன் எழுந்தான். அதற்கப்புறம் நாற்காலிகள் பறந்தன, கண்ணாடிக் கதவு நொறுங்கியது, மீனை யார் மிதித்தார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. போலீஸ் அறிக்கையில் 'மாடியிலிருந்து வந்த தூண்டுதலால்' என்று எழுதியிருக்கிறார்களாம். உள்ளதைச் சொல்வதற்குப் பெயர் தூண்டுதலா ஐயா? எழுதிய போலீஸ்காரர் எழுத்துக்கூட்டித்தான் எழுதினார், அதையும் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

எனக்கு இதில் என்ன வந்தது என்று கேட்பீர்கள். அடிதடி நடந்த மறுநாளே என் மகன் வந்தான். "போதும்மா, இந்தச் சந்தைக்கடைக்கு மேல நீ இருக்க வேணாம். எங்க வீட்டுக்கு வந்துடு" என்று என் அலமாரியை நாடா வைத்து அளந்துகொண்டு போயிருக்கிறான், மாதக் கடைசியில் வண்டி வருமாம். அவன் வீட்டில் எல்லாரும் ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார்கள். மருமகள் நல்லவள், ஆனால் அவள் பேசுவது அவளுக்கே கேட்காது. ஒரு வாரம் அங்கே இருந்து பார்த்தேன், நானே இருக்கிறேனா இல்லையா என்று சந்தேகம் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கண்ணை மூடிய வீட்டைவிட்டு நான் நகர மாட்டேன். போக வேண்டியது கடைதான். வியாழக்கிழமை சாட்சி சொல்ல நானே வருவேன். யாரும் கைத்தாங்கலாகப் பிடிக்க வேண்டாம்.

உங்கள் பிள்ளைகுட்டிகள் நோய்நொடி இல்லாமல் வாழட்டும், உங்கள் பேனா தயங்காமல் ஓடட்டும்.

இப்படிக்கு,
மாடி வீட்டுக்காரி

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது மகன் போன் செய்தான். கடை மூடினால் வாடகை நின்றுவிடுமாம், கட்டடக்காரர் விற்றுவிடப் போகிறாராம், வாங்குகிறவன் மாடியோடு சேர்த்து இடிக்கப் போகிறானாம். "நல்லதாப் போச்சும்மா, வண்டிக்கு இப்பவே சொல்லிடுறேன்" என்கிறான். அதனால் லைசென்சை ரத்து செய்ய வேண்டாம். மேலே எழுதியதில் ஒரு வரியையும் நான் அடிக்கவில்லை, எல்லாம் உண்மை. ஆனால் அந்த அடிதடிக்குக் கடை பொறுப்பில்லை. போலீஸ்காரர் எழுதியதுதான் சரி, தூண்டியது நான்தான். தண்டனையை எனக்கே கொடுங்கள். இந்த மாடி வீட்டைவிட்டு நான் எங்கும் நகரக் கூடாது என்று முத்திரை குத்தி ஓர் உத்தரவு போட்டு, ஒரு நகலை என் மகனுக்கு அனுப்பிவிடுங்கள்.