சிக்னல் சாமியான பெரிய கிளாக்கர்

மேற்பிரிவு,
அக்கரப்பத்தனை.
நவம்பர் மாதம்.

இயேசு மரி சூசை துணை.

அன்பின் யூஜினாவுக்கு உன் அண்ணி சிசிலி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் முழங்கால்கள் நீங்கலாக நான் நலம். டொரொன்டோக் குளிர் உங்களைத் தீண்டாதிருக்க நாள் தவறாமல் செபமாலை சொல்லுகிறேன். டெலிபோன் என்றால் நீ குறுக்கே பேசுவாய்; ஆகவே கடிதம்.

"அண்ணன் கல்லறையில லயத்துப் புள்ளைங்க ஏறி உட்காருதாமே, பாத்துக்கிட்டா இருக்கீங்க அண்ணி?" என்று கேட்டிருந்தாய். ஆமாம், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நமது தோட்டத்துப் பள்ளிக்கூடம் பள்ளத்தில், தேயிலைத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் அதற்கும் கீழே. இணையம் எட்டிப் பார்ப்பது மலை உச்சியில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் மட்டும். அங்கும் மாதா சுரூபத்தடியில் வராது, உன் அண்ணன் பத்திநாதன் மேல் ஏறினால்தான் வரும். அவர் ஆபீஸில் பெரிய கிளாக்கராக இருந்த நாளில் லயத்து ஆட்கள் ஜன்னலுக்கு வெளியே மழையில் நின்று பேசினார்கள். இன்று அவர்களின் பிள்ளைகள் அவர் மார்பில் உட்கார்ந்து டெலிபோனில் கணக்குப் படிக்கின்றன. முதல் நாள் நானும் குடையை ஓங்கிக்கொண்டுதான் போனேன். பேச்சியம்மாவின் மகள் சுலக்ஷனா நிமிர்ந்து பார்த்து, பாடம் முடியும் வரை பொறுக்க முடியுமா என்று ஆங்கிலத்தில், இலக்கணம் பிசகாமல் கேட்டாள். கான்வென்டில் மதர் சுப்பீரியரிடம் எனக்கு அவ்வளவு சுத்தமாக வாயில் வந்ததில்லை. தூறல் வேறு போட்டது. ஓங்கிய குடையை அவள் தலைக்கு மேல் விரித்தேன், வேறென்ன செய்வது? மறுநாளே சட்டமும் போட்டேன். கால் கழுவித்தான் ஏற வேண்டும், பெயர் பொறித்த இடத்தில் உட்காரக் கூடாது, கிளாக்கருக்கு வணக்கம் சொல்லாத பிள்ளைக்குப் பாடம் இல்லை.

வினை அங்கேதான் தொடங்கியது. பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டு ஏறுவதைக் கண்ட பேச்சியம்மா, பரீட்சையன்று சிலுவைக்குச் செவ்வந்தி மாலை போட்டாள். பிள்ளை சித்தியடைந்தாள். அவ்வளவுதான், மற்றத் தாய்மார் சூடமும் வெற்றிலையுமாக மலையேறி வர, உன் அண்ணனுக்குச் 'சிக்னல் சாமி' என்று பெயரும் விழுந்தது. "சுடுகாட்டுல படிச்சா பேய்தான் பாஸாகும்!" என்று தோட்டத்தில் வேலை வாங்கும் கண்டக்டர் சுதாகரன் ரோட்டில் நின்று நையாண்டி பண்ணினார். "பேயாவது பாஸாகுதே தம்பி, நுவரெலியாவுக்கு டியூஷன் போற உங்க மகன் என்ன ஆனாரு?" என்றேன். அதன் பிறகு அவர் அந்த ரோட்டால் வருவதில்லை.

இனித்தான் விஷயம். சுலக்ஷனா ஒரு பாடப்பெட்டி செய்திருக்கிறாள். கல்லறையில் பாடங்களை அதற்குள் இறக்கி லயத்துக்குக் கொண்டுபோய் வைத்தால், அங்குள்ள எந்த டெலிபோனிலும் இணையம் இல்லாமலே பாடம் பார்க்கலாம். உலகப் பள்ளிப் பிள்ளைகளின் கண்டுபிடிப்புப் போட்டியில் அது கடைசிச் சுற்றுக்குப் போயிற்று. வென்றால் பள்ளிக்கூடத்துக்கே இணையம். தோற்றால், மகளைக் கொழும்பில் கடை வேலைக்கு அனுப்புவதாகத் தகப்பன் சொல்லிவிட்டான். அந்தச் சுற்று எந்த நாளில் வந்தது தெரியுமா? கல்லறைத் திருநாளன்று, சரியாக ஃபாதர் ஜூலியன் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரிக்கும் நேரத்தில்!

சுற்றிலும் மெழுகுவர்த்தி, நடுவில் சுலக்ஷனா, டெலிபோனில் கென்யா, பெரு, பின்லாந்து நடுவர்கள். ஃபாதர் மாலையையும் சூடத்தையும் பார்த்து நின்றுவிட்டார். "சிசிலியம்மா, ரோமாபுரிக்குத் தெரியாம நம்ம கிளாக்கரைப் புனிதராக்கினது யாருங்க?" "எங்க புள்ளைக்கு வழி காட்டுறாருங்க ஃபாதர், அவரு எந்த மதமா இருந்தா என்னாங்க?" என்று சொன்ன வேகத்தில் பேச்சியம்மா தேங்காயை உடைத்தாள். தேங்காய்த் தண்ணீர் பாய்ந்தது டெலிபோனில். மிச்சத்துக்கு ஃபாதரின் தீர்த்தம். திரை இருண்டது. பேச்சியம்மா தலையில் அடித்துக்கொண்டு, "நானே கெடுத்துட்டேனே தாயே!" என்று உட்கார்ந்துவிட்டாள். என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நீ அனுப்பிய டெலிபோன் கைப்பையில் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். தொடர்பு வந்ததும் உலகம் முதலில் கண்டது என் முகத்தைத்தான். போட்டியாளர் நீங்களா என்றார்கள். இல்லை, நான் கல்லறைக்காரரின் மனைவி என்றேன். அவர்கள் திகைத்து முடிவதற்குள் பிள்ளையிடம் நீட்டினேன்.

ஏன் கல்லறையில் இருக்கிறாய் என்று கென்யா அம்மாள் கேட்டார். சுலக்ஷனா தடுமாறவில்லை. "எங்கள் தோட்டத்தில் செத்தவர்களுக்குத்தான் சிக்னல் கிடைக்கிறது, மேடம். அதை உயிரோடு இருப்பவர்களுக்குக் கொண்டுபோகத்தான் இந்தப் பெட்டி" என்றாள், ஆங்கிலத்தில். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தம் ஊரில் பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறிப் படிக்கிறார்களாம். பெட்டி செய்யும் முறையைத் தருவாயா என்று கேட்டார். முதல் பரிசு நமக்கு, யூஜினா! ஃபாதர் தீர்த்தச் செம்போடு கைதட்டினார். தகப்பன் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு லயம் லயமாகச் சுற்றினான். கடை வேலைப் பேச்சை இனி எடுக்கட்டும், பார்க்கிறேன்.

ஆகவே உன் மனக்குறை தீர்ந்தது. பள்ளிக்கூடத்துக்கே இணையம் வருவதால் இனி உன் அண்ணன் மேல் ஒரு எறும்பும் ஏறாது. மாலை இல்லை, சூடம் இல்லை, அவர் விரும்பிய அமைதியில் இளைப்பாறுவார். மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு; பிள்ளைகளை மோட்சத்துச் சம்மனசுகள் காக்கட்டும்.

அன்புள்ள அண்ணி,
சிசிலி பத்திநாதன்

பி.கு.: உறை ஒட்டுமுன் இணையக்காரர்கள் வந்தார்கள். கருவியோடு தோட்டம் முழுவதும் ஏறி இறங்கிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு இணையம் இறங்க வேண்டுமானால் உயரக் கம்பத்தை நட ஒரே ஓர் இடம்தான் உண்டு என்றார்கள்: உன் அண்ணனின் தலைமாடு. ஃபாதர் ஒப்புக்கொண்டார், மனைவி என்ற முறையில் நானும் கையெழுத்திட்டேன். கம்பம் நிற்கிறது. பேச்சியம்மா மஞ்சள் துணி கட்ட, ஃபாதர் அதையும் சேர்த்தே மந்திரித்துவிட்டார். உன் சம்மதம் கேட்கக் கல்லறையில் இருந்து பல தடவை அழைத்தேன். இங்கே மணிபோல் தெளிவு. உன் பக்கம்தான் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.