பாண்டிக்காரரின் படுத்த பாட்டில்

கையில் வந்த பாட்டிலைப் பதினோரு வருடம் திறக்காமல் வைத்திருந்த மனிதர் கொல்லிமலையில் ஒருவர்தான் இருந்திருப்பார். செம்மேட்டில் மெஸ் நடத்திய அவரை எல்லோரும் பாண்டிக்காரர் என்றே அழைப்போம். பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் சமைத்தவர். முதலாளி ஊர் திரும்பும்போது கொடுத்த சிவப்பு ஒயின் அது.

1999-ல் நான் அங்கே ஓர் ஆபீஸில் குமாஸ்தா. மூன்று வேளையும் அவர் மெஸ்தான். சோறு வருவதற்கு முன் ஒயின் பாடம் வந்துவிடும்.

"புதுசுல நாவப்பழ நெறமுங்க. நாக்கைப் புடிக்கற துவர்ப்பு. பதினஞ்சு வருசம் போனா துவர்ப்பு அடங்கி, அடியில மண்டியா உக்காந்துரும். நெறம் செங்கல்லாயிரும். வாசம் மழை பேஞ்ச காடுங்க!"

"சாம்பாரும் அதுக்குள்ள வந்துருங்களா?" என்பேன்.

பாட்டில் அரிசி மூட்டைக்குப் பின்னால் இருட்டில் படுத்தே கிடக்கும். அவர் மனைவி ராசம்மா கூட்டும்போதெல்லாம், விழுந்துவிட்டது என்று நிமிர்த்தி வைப்பார்.

"நிமுத்தாத! தக்கை காஞ்சா காத்து பூந்துரும்!"

"படுத்தே கெடந்தா அதுக்கு ஒடம்பு வலிக்காதுங்களா?"

"பதினஞ்சாம் வருசம் மொத வாய் உனக்குத்தான். அது வரைக்கும் தொடாத."

ஒருமுறை சாராய ரெய்டுக்கு வந்த போலீஸ்காரரையே உட்கார வைத்து அரைமணி நேரம் பாடம் எடுத்தார். அவர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் தப்பித்தோம் என்று போய்விட்டார்.

அந்த ஐப்பசியில் ராசம்மா படுத்துவிட்டார். வயிற்றில் கட்டி. நாமக்கல் டாக்டர், ஊட்டுக்கே கூட்டிப் போங்க என்று அனுப்பிவிட்டார்.

"ஏனுங்க சார், இன்னும் நாலு வருசம் இருக்குதுங்களே! இப்பத் தொறந்தா துவர்க்குமுங்க" என்றார் பாண்டிக்காரர், பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தம்மாவுக்கு ஏதுங்க நாலு வருசம்?"

அன்றைக்கே திறந்தார். தக்கை உடைந்து பாதி உள்ளே விழுந்தது. ஒரு ஸ்பூன் ஊட்டினார். ராசம்மாவின் முகம் சுருங்கியது. மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

கருமாதி முடிந்த மதியம், மெஸ்ஸில் நாங்கள் இரண்டு பேர்தான். மிச்சத்தில் ஒரு டம்ளர் ஊற்றி என் முன்னால் வைத்தார்.

"நெசத்தைச் சொல்லுங்க சார். கடைசியா நான் அவளுக்குக் குடுத்தது ரொம்பத் துவர்ப்புங்களா?"

இரண்டு வாரத்துக்கு மேல் திறந்தே கிடந்த ஒயின். ஒரே புளிப்பு, தொண்டை எரிந்தது. ஒரே மூச்சில் குடித்தேன்.

"துவர்ப்பே இல்லீங்க. பதமா இருக்குது."

என் முகத்தையே பார்த்தார். "இன்னொரு டம்ளர் ஊத்தட்டுங்களா?"

நீட்டினேன்.