இட்லிக் குண்டானில் நாலாவது நிலை

மாதனூர்

என் அன்புக்கும், என் மனைவியின் அளவு கடந்த அன்புக்கும் உரிய மச்சான் சம்பத்துக்கு, உன் அக்காள் புருஷன் முனிரத்தினம் எழுதுவது.

இவ்விடம் வெயிலைத் தவிர அனைவரும் நலம். அவ்விடம் ராணிப்பேட்டையில் நீயும், தங்கச்சியும், உன் பாதமும் நலமா? போன ஞாயிற்றுக்கிழமை சௌந்தர்யாவைப் பெண் பார்க்க வந்த கூட்டத்தில் உன் ஷூ ஒன்று காணாமல் போய், என் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாயாம். அதிலிருந்து என் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். நாய் கவ்விக்கொண்டு போனதற்கு நான் என்ன செய்வேன்? பொங்கலுக்கு நானே கோந்து போட்டு சோல் ஒட்டிக் கொடுத்த ஷூ அது. எனக்கு மட்டும் வருத்தம் இருக்காதா?

விஷயத்துக்கு வருகிறேன். நீ கொண்டுவந்த வரன் நவநீதன் வேண்டாம். காரணத்தைக் கேள். மரியாதைக்கு, "ஷூ கம்பெனியில இன்னா வேலைப்பா?" என்று கேட்டேன். "பிளாஸ்மா மெஷின் சார். ஒட்டறதுக்கு முன்னாடி சோலுக்கு பிளாஸ்மா காட்டுவோம். அப்புறம் கோந்து போட்டா உரிக்கவே முடியாது. என் ஷூகூட அதுல போனதுதான்" என்றான். பிளாஸ்மா என்றால் நாலாவது நிலையாம். ஐஸ், தண்ணீர், நீராவி, அதற்கு மேலேயும் காய்ச்சிக்கொண்டே போனால் பிளாஸ்மாவாம். மச்சான், தோல் பதனிடும் டேனரியில் பாய்லர் ஓட்டியே தலை நரைத்தவன் நான். நீராவிக்கு மேலே ஒன்று இருந்தால் என்னைக் கேட்காமல் எங்கே போயிருக்கும்? "எவ்ளோ காய்ச்சணும்?" என்றேன். "பல ஆயிரம் டிகிரி சார்." "அப்ப தண்ணி இருக்குமா?" "இருக்காது சார், ஹைட்ரஜன் தனி, ஆக்ஸிஜன் தனின்னு பிச்சிக்கும்." "தண்ணியே இல்லாதப்ப அது எப்படிய்யா தண்ணியோட நாலாவது நிலை? பொண்டாட்டி ஓடிப்போனவனுக்கு சம்சாரின்னு பேர் வெச்ச கதையா இருக்குதே!" என்றேன். அவன் அம்மா கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "தண்ணிக்குன்னு மட்டும் இல்ல சார், பொருள் எல்லாத்துக்கும் பொது. மெஷின்ல நாங்க காத்தைத்தான் பிளாஸ்மா ஆக்கறோம்" என்று அவன் இழுத்தான். காற்றைக் காட்டி என் பெண்ணைக் கேட்கிறான், பார்த்தாயா?

சோதிக்காமல் கொடுக்க நான் என்ன இளிச்சவாயனா? மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் முன்னால் அவன் வாசலில் கழற்றிப் போட்டதைத் திருப்பி, மடக்கி, சோலை நெம்பிப் பார்ப்பது நம்ம பக்கத்து வழக்கம்தானே. உங்கப்பா என் செருப்பை முகர்ந்தே பார்த்தார். எல்லோரும் கேசரியில் மும்முரமாக இருக்கும்போது ஓசைப்படாமல் வாசலுக்குப் போனேன். கிடந்ததில் பாதி, ஒரே மாதிரி கறுப்பு எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் ஷூ. ஆம்பூர் சுற்றுவட்டாரத்தில் அதைப் போடாதவன் யார்? அதில் பளபளவென்று இருந்ததுதான் மாப்பிள்ளையுடையது என்று முடிவு கட்டி, ஒரு காலுக்கான ஷூவை மட்டும் வேட்டியில் சுருட்டிக்கொண்டு கொல்லைப் பக்கம் வந்துவிட்டேன். அதனால்தான் உங்களையெல்லாம் வழியனுப்ப வரவில்லை.

முதலில் ஐஸ். உன் அக்கா மீன் வைக்கிற ஃப்ரீசரில் வைத்தேன். ஷூ விறைத்தது, சோல் அசையவில்லை. அடுத்து தண்ணீர். நம்ம ஊர் போர்த் தண்ணீரில் குடமே நிறம் மாறும், அதிலும் சோல் அசையவில்லை. எனக்கே அவன்மேல் லேசாக மரியாதை வந்துவிட்டது. கடைசியாக என் சொந்தப் பாடமான நீராவி. இட்லிக் குண்டானில் தட்டை எடுத்துவிட்டு, ஷூவை வைத்து மூடினேன். "யோவ், இன்னாய்யா வேகுது அதுல?" என்று உன் அக்கா கத்துகிறாள். பக்கத்து வீட்டு ஷஹீன் பானு சுவருக்கு மேலே எட்டி, "இன்னா மீனாக்கா, ஆட்டுக்கால் பாயாவா?" என்று கேட்கிறாள். மூடியைத் திறந்தால், சோல் முதலை மாதிரி வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது! மூணாவது நிலைக்கே தாங்காதவன் நாலாவதைப் பத்திப் பேச வந்துட்டான்!

அதைக் கொண்டுபோய் சௌந்தர்யாவிடம் காட்டினேன். அழுதுவிட்டாள். "எனக்கு அவரைப் பிடிச்சிருக்குது நைனா. ஷூவுக்கா கழுத்தை நீட்டப் போறேன்?" என்றவள்தான், அப்புறம் என்னோடு பேச்சே இல்லை. கம்பெனி பஸ்ஸில் போகிறாள், வருகிறாள், படுத்துக்கொள்கிறாள். எனக்கு ஒரே பொண்ணு மச்சான். ஆனாலும் நீயே சொல்லு. ஒரு கால் ஷூ காணோம்னுகூட கேக்காம பேசாம வீட்டுக்குப் போனவன் அவன். கால்ல இருக்கறதே தெரியாதவன் குடும்பத்தை இன்னா பாக்கப் போறான்? ஆகவே அவர்களிடம் பக்குவமாக நீயே இல்லையென்று சொல்லிவிடு.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளர மாரியாத்தா துணை இருப்பாள். வெயிலில் அலையாதே, மோர் குடி.

இப்படிக்கு,
உன் நன்மையே நாடும்
முனிரத்தினம்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போன நேரத்தில் வாசலில் நவநீதன் வந்து நிற்கிறான். "என்மேல கோவமா சார்?" என்று கேட்டுக்கொண்டே குனிந்து ஷூவைக் கழற்றினான். அதே கறுப்பு ஷூ. இரண்டு காலிலும் இருந்தது. நெம்பிப் பார்த்தேன், என் நகம்தான் போயிற்று. குண்டானில் வெந்தது யாருடையது என்று உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். நாயைத் திட்டாதே. வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொல்லி உன் ஷூவை அவனிடம் கொடுத்தேன். திருப்பிப் பார்த்து, சோலை முகர்ந்து, "இதை யார் சார் ஒட்டினது?" என்றான். நான் கூரையை அண்ணாந்து பார்த்தேன். "நைனாதான்" என்று உள்ளேயிருந்து சௌந்தர்யா குரல் கொடுத்தாள். அவ பேசிட்டா மச்சான்! அவன் சிரிக்கவில்லை. "விடுங்க மாமா, நாளைக்கு மெஷின்ல காட்டி ஒட்டித் தர்றேன்" என்றான். 'மாமா' என்றான், கவனி. மேலே எழுதியிருப்பது எதையும் படிக்காதே. நல்ல நாள் பார். நிச்சயத்துக்கு என் ரப்பர் செருப்பிலேயே வா, திரும்பும்போது உன் ஷூவில் போகலாம்.