ஐயம் பிறந்த நேரம்

நம்மிடையே 'எப்படித் தெரியும்' வகையறா என்றோர் இனம் உலவுகிறது. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று இவர்களிடம் சொல்லிப் பாருங்கள். நாளைக்கும் உதிக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டு, உங்கள் கையிலிருக்கும் டீயை ஆறவைத்துவிடுவார்கள்.

நம் கண்ணாடிக்கடைக்காரர் இந்த இனத்தின் மணிமகுடம். கண் சோதிக்க வந்தவர் பலகையிலுள்ள எழுத்தைச் சரியாக வாசித்தால் போதுமா? போதாது.

"'ழ'ன்னு தெரியுதா, இல்ல 'ழ'வாத்தான் இருக்கும்னு நினைக்கிறீங்களா?"

வந்தவர் யோசிப்பார், வியர்ப்பார், தனக்குக் கண் இருப்பதிலேயே சந்தேகம் வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கண்ணாடி வாங்கிப் போவார். வியாபாரம் அமோகம்!

வீட்டில்தான் தத்துவம் செல்லுபடியாகவில்லை. ஒருநாள் மத்தியானம் நிறைமாத மகள் கதவைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, வலி வந்துடுச்சு" என்றாள்.

"வலிதான்னு எப்படிம்மா தெரியும்? பொய் வலின்னு ஒண்ணு இருக்காமே. உணர்றது வேற, அறியறது வேற."

மகள் அவர் விரலைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினாள். வீடே அதிர அலறினார்.

"அது நிஜ வலியாங்க, இல்ல அப்படி நினைக்கிறீங்களா?" என்றாள் மனைவி, பையைத் தூக்கிக்கொண்டே. "வண்டியை எடுங்க!"

எடுத்தார். வழியில் 'மருத்துவமனை' என்று ஒரு பலகை அம்புக்குறி காட்டியது. பலகை சொன்னால் ஆயிற்றா? காரை நிறுத்திப் பழக்கடைக்காரரிடம் விசாரித்தார். அவர் சொன்னதைத் தையற்கடைக்காரரிடம் சரிபார்த்தார். இருவர் சொன்னதும் ஒத்துப்போகவே, இருவரும் ஒரே தப்பைச் செய்திருக்கலாமே என்று அவருக்குள் ஓர் ஐயம் பிறந்தது.

பின்சீட்டில் பேத்தியே பிறந்துவிட்டாள்.

அந்த வீறிடலைக் கேட்டதும் அவருக்குக் கண் நிறைந்தது. அதன்பிறகு யாரையும் எதையும் கேட்கவில்லை. பறந்தார். ஆஸ்பத்திரி வாசலில் தாயையும் சேயையும் பத்திரமாக இறக்கிய நர்ஸைச் சுற்றிச் சுற்றிக் குதித்தார்.

"மூக்கு அப்படியே என் மூக்கு! பெரிய மேதையா வருவா, சிஸ்டர்!"

"இன்னும் முகமே துடைக்கலையேங்க!"

"பார்த்தாலே தெரியுதே!"

ஒரு நிமிஷம். காரில் பிள்ளை பிறந்ததாமா, நம்புகிறமாதிரி இல்லையே என்று உங்கள் புருவம் லேசாக ஏறியதோ? ஏறியிருந்தால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கொஞ்ச நாளாக உங்கள் வீட்டில் எந்த அவசரச் செய்தியும், 'எப்படித் தெரியும்' என்று கேட்டு நிற்பீர்களே என்ற பயத்தில், உங்களுக்குக் கடைசியாகத்தானே வந்து சேர்கிறது?