ஆடன் கோட்பாட்டின் மரணம் குறித்து இம்கே அத்தைக்கு

மியூனிக்,
1984 நவம்பர் 9

மதிப்பிற்குரிய இம்கே அத்தைக்கு,

ஒன்னோ எழுதுவது. முழங்கால் வலி ஒன்றைத் தவிர தாங்களும், லேர் ஊரில் மாட்டுப் பண்ணைகளுக்குப் பால் பம்பு செய்யும் நம் பட்டறையும், அதில் வேலை செய்பவர்களும் நலம் என்று தங்கள் கடிதத்தில் கண்டு மகிழ்ந்தேன். நான் உடலளவில் நலம். மற்றதைக் கீழே எழுதுகிறேன்.

ஜனவரியில் வந்து பட்டறையின் வடிவமைப்பு வேலையை ஏற்றுக்கொள்வாயா, இல்லையென்றால் வேறு ஆள் பார்க்க வேண்டும், ஒரே வார்த்தையில் பதில் சொல் என்று கேட்டிருந்தீர்கள். ஒரே வார்த்தை: வருகிறேன். இதோடு கடிதத்தை முடித்திருப்பேன். ஆனால் ஏழு வருடம் இயற்பியல் படித்தவன் ஏன் திடீரென்று பால் பம்புக்கு வருகிறான், யாரையாவது அடித்துவிட்டானா என்று நீங்கள் ஊர் முழுவதும் விசாரிப்பீர்கள். ஆகவே காரணத்தை நானே எழுதிவிடுகிறேன்.

அணுக்கருவுக்குள் வலுக்குறைந்த விசை என்று ஒன்று உண்டு. சூரியன் எரிவதற்கே அது வேண்டும். அந்த விசையைச் சுமந்து செல்லும் துகள்களைப் போன வருடம் ஜெனீவாவில் கண்டுபிடித்தார்கள். W என்றும் Z என்றும் பெயர். இவை அடிப்படைத் துகள்கள், இதற்குமேல் பிரிக்க உள்ளே எதுவும் இல்லை என்று உலகமே சொல்கிறது. எங்கள் புரொபசர் டோர்ன்சைஃப் மட்டும் இருக்கிறது என்கிறார். அணுவை அப்படித்தான் சொன்னார்கள், உள்ளே கரு இருந்தது. கருவைச் சொன்னார்கள், உள்ளே புரோட்டான் இருந்தது. புரோட்டானுக்குள்ளும் குவார்க் இருந்தது. ஆகவே W, Z ஒவ்வொன்றும் இரண்டு சின்னத் துண்டுகள் இறுகப் பிணைந்த கூட்டுப் பொருள் என்பது அவர் கட்சி. இதை ஈஸ்டர் சமயத்தில் உங்களிடம் தொலைபேசியில் விளக்கினேன்.

"அந்தத் துண்டுக்குள்ள என்னடா இருக்கு?" என்றீர்கள்.

"அதுக்குள்ள ஒண்ணும் இல்ல அத்தை."

"ஒரு படி முன்னாடியே நிறுத்தியிருந்தா ஒரு சம்பளம் மிச்சமாயிருக்குமே."

அப்போது எனக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால், எங்கள் துறையில் யாரும் இதைவிடச் சுருக்கமாக அந்தக் கோட்பாட்டை மறுத்ததில்லை. அதில் இன்னொரு கோளாறும் உண்டு. அவ்வளவு சிறிய இடத்தில் அடைபட்ட துண்டுகள் துடிக்கும் துடிப்பை எடையாகக் கணக்கிட்டால், அது மொத்தத் துகளின் எடையைவிட அதிகம் வரும். உள்ளே இருக்கும் திருகாணிகள் மொத்தப் பம்பைவிட எடை கூடுதலாக இருக்கும் ஒரு பம்பை வாடிக்கையாளரிடம் விற்றுப்பாருங்கள். டோர்ன்சைஃப் இரண்டு வருடமாக அதைத்தான் விற்கிறார், விற்பனையாளன் நான்.

சோதனைக்காரர்கள் பார்த்த Z துகள்களில் சில சிதையும்போது கூடவே ஒரு பளிச்சென்ற ஒளித்துகளும் வந்தது. உள்ளே பாகம் இருந்தால்தான் அப்படி வரும் என்று டோர்ன்சைஃப் துள்ளினார். கணக்குப் போடச் சொன்னார், போட்டேன். அப்படியானால் Z-க்குக் கனமான ஓர் அண்ணன் இருக்க வேண்டும் என்று வந்தது, எழுதினோம், அந்த எடையில் தேடினார்கள், இல்லை, எடையை உயர்த்தி மறுபடி எழுதினோம், அங்கேயும் இல்லை, மூன்றாவது முறை உயர்த்தும்போது நான், "புரொபசர், இது கணிப்பா, பின்வாங்கலா?" என்று கேட்டேன். "கட்டுரைக்குத் தலைப்பு வெச்சாச்சா?" என்றார். எங்கள் துறையில் ஆசிரியர் பெயர்களை அகர வரிசையில்தான் போடுவோம். யார் யோசித்தார், யார் வெறுமனே பெருக்கிக் கூட்டினார் என்று பார்ப்பதில்லை. ஆடன், டோர்ன்சைஃப். எப்போதும் நம் குடும்பப் பெயர் முன்னால். கட்டுரை ஏற்கப்பட்டால் முதல் பெயர்க்காரர் எல்லோருக்கும் கேக் வாங்க வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். நான் நம்பாத ஒரு விஷயத்துக்கு மூன்று முறை பிளம் கேக் வாங்கியிருக்கிறேன்.

மூன்றாவது கேக் வாங்கிய அன்றுதான், போன புதன்கிழமை, ஜெனீவாவிலிருந்து ஒருவர் புதிய முடிவுகளோடு வந்தார். Z துகள்கள் இப்போது நிறையச் சேர்ந்துவிட்டன; அந்த ஒளி மட்டும் மறுபடி வரவில்லை. முதலில் வந்தது தற்செயல். சொல்லிவிட்டுத் திரையில் ஒரு தாளைப் போட்டார். தலைப்பு: விலக்கப்பட்ட கோட்பாடுகள். அதுவும் அகர வரிசை. முதல் வரியே 'ஆடன் முதலியோர்', அதன்மேல் ஒரு சிவப்புக் கோடு.

நான் எழுந்தேன். "அது என் கோட்பாடு இல்ல."

"நீங்க யாரு?"

"ஆடன்."

அத்தனை பேரும் சிரித்தார்கள். டோர்ன்சைஃப் மட்டும் சிரிக்கவில்லை. தட்டில் இருந்த கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. "இந்தக் கோட்பாடு செத்துப்போச்சு, போன வருஷமே செத்துப்போச்சு, நாங்கதான் எடையை ஏத்தி ஏத்தி அதுக்கு மூச்சு குடுத்துட்டிருந்தோம்" என்று சொல்லிவிட்டேன். உண்மையைத்தானே சொன்னேன்.

மாலையில் டோர்ன்சைஃப் என் அறைக்கு வந்தார். கையில் என் வேலையை இரண்டு வருடம் நீட்டிக்கும் உத்தரவு, கையெழுத்தும் போட்டிருந்தார். "ஆடன், இன்னிக்கு நீங்க சொன்னதுல தப்பில்ல. உள்ள எதுவும் இல்லைன்னு மட்டும் இன்னும் யாரும் நிரூபிக்கல. இருக்கறதா இருந்தா இருங்க" என்றார். அவர் என்மேல் கத்தியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தாளை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

பக்கத்து மேசை வால்புர்கா இந்த ஊர்க்காரி. எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல் கேட்டுவிடுவாள். "ஏன்டா, உனக்கு ஆத்திரம் கோட்பாடு செத்ததுக்கா, இல்ல சாவு அறிவிப்புல உன் பேரு வந்ததுக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல. ரெண்டாவதுன்னா பேசாம ஊருக்குப் போ. மொதல்லதுன்னா அங்க போயும் உனக்குத் தூக்கம் வராது."

அதற்குப் பதிலை உங்களுக்குச் சொல்கிறேன்: எனக்கு நன்றாகத் தூக்கம் வரும். பம்பைக் கழற்றினால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியும். ஓடாவிட்டால் ஓடவில்லை என்று மாட்டுப் பண்ணைக்காரன் மறுநாள் காலையிலேயே வந்து திட்டுவான். உன் பம்பு இன்னும் கனமான இடத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம் என்று யாரும் சமாதானம் சொல்ல மாட்டார்கள். எனக்கு அதுதான் வேண்டும். ஆய்வேட்டை முடிக்கப்போவதில்லை. வீட்டுக்காரரிடம் அறையைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன். புத்தாண்டுக்கு மறுநாள் லேர் ரயில் நிலையத்தில் இறங்குவேன். முழங்காலோடு நீங்கள் வந்து நிற்க வேண்டாம்.

பட்டறையில் அனைவருக்கும் என் வணக்கம். குளிர்காலத்தில் உங்கள் உடம்பையும் கொதிகலனையும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுமே நல்லபடி ஓட என் வாழ்த்துகள்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
ஒன்னோ ஆடன்

பி.கு.: தபால் நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது ஒன்று தோன்றியது. உள்ளே இருக்கும் இரண்டு துண்டுகளும் ஒளியை உமிழும்போது ஒன்றை ஒன்று கழித்துக்கொண்டால்? அப்படியானால் ஒளி வரவே கூடாது. வரவில்லை என்பதுதானே ஜெனீவாக்காரர் கொண்டுவந்த செய்தி. கவுண்டரிலேயே தந்தித் தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன், கழிகிறது. முழுதாகக் கழிகிறது. டோர்ன்சைஃப் இதைக் கவனிக்கவே இல்லை. இது செத்த கோட்பாடு அல்ல, புதியது. இதில் என் பெயர் மட்டுமே இருக்கும். அந்த உத்தரவுத் தாள் இன்னும் மேசையில்தான் கிடக்கிறது, நானும் கையெழுத்துப் போட ஓடுகிறேன். பட்டறைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் அத்தை. கடிதத்தைத் திருத்தி எழுத நேரமில்லை. தயவுசெய்து மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம்.