காதுகுத்து நாளில் ஒரு சின்ன நடை

உடம்பில் தெம்பு கம்மியாக இருப்பவனுக்கு வாயில் தெம்பு ஜாஸ்தி. இதை நான் என் உள்ளங்கால்களைக் கொண்டு தெரிந்துகொண்டேன்.

அப்போது மகள் யாழினிக்குப் பன்னிரண்டு வயது, மகன் கவினுக்குப் பத்து. இருவரும் போனிலிருந்து தலையை நிமிர்த்துவது சாப்பாட்டுக்கு மட்டும்தான் (அதுவும் பிரியாணி என்றால்). ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு அவர்களை எழுப்பினேன்.

"கிரிவலப் பாதையில நிருதி லிங்கம் வரைக்கும் நடந்துட்டுத் திரும்பி வந்துடலாம். மேடு பள்ளமே இல்ல. ஒன்றரை மணி நேரம்தான்."

அன்று பார்த்துக் கீழ்பென்னாத்தூரில் என் தங்கை மகனுக்குக் காதுகுத்து. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை. குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். ஆறு வருடம் ஏங்கிப் பெற்ற பிள்ளை. அவளுக்கு நான் ஒரே அண்ணன்.

"இன்னைக்கே நடக்கணுமா?" என்றாள் மனைவி சுமதி.

"ஆறரைக்கு வீட்ல இருப்போம்" என்றேன்.

செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டு வாசலிலேயே சட்டம் போட்டேன். போன் கூடாது. செருப்பும் கூடாது. "வண்டியில மலை சுத்துறவங்கல்லாம் சாமிய ஏமாத்துறாங்க" என்று ஒரு பிரசங்கம் வேறு (அதை யாரும் கேட்கவில்லை). எமலிங்கத்தில் கும்பிட்டு நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டேன்.

நிருதி லிங்கத்தில் கும்பிட்டுவிட்டு வந்த வழியே திரும்பினோம். பத்தடி வைத்திருக்க மாட்டோம், எதிரே எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டு மேடம் வந்தார். வேங்கிக்கால் ஆபீஸில் அவர் முன்னால் ஃபைலோடு நிற்கவே எனக்கு வியர்க்கும். இங்கே அரை டிராயரோடு நின்றேன்.

"என்ன பாஸ்கர், எதிர்ல வரீங்க? மலைய இடமா சுத்துறீங்களா?"

"இல்ல மேடம், சும்மா வாக்கிங்..."

"நெத்தியில விபூதி, கால்ல செருப்பு இல்ல. இது வாக்கிங்கா? இன்னைக்குத்தானே உங்க தங்கச்சி பையனுக்குக் காதுகுத்து? நல்ல நாளும் அதுவுமா பாதியில திரும்புவாங்களா? வாங்க, சேந்தே போலாம்."

மலையை வலமாகத்தான் சுற்ற வேண்டும், தொடங்கினால் முடிக்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினால் கணக்கில் வராது என்று நானாக ஒரு சலுகை எடுத்திருந்தேன். மேடத்திடம் அது செல்லவில்லை.

அவருடைய போனை வாங்கினேன். சுமதியின் நம்பர் நினைவுக்கு வரவில்லை. பதினான்கு வருடக் குடித்தனம்! கவின்தான் கடகடவென்று சொன்னான்.

விஷயத்தைச் சுமதியிடம் சொன்னேன். (பல்லைக் கடித்திருப்பாள்.) "கும்பிட்டு ஆரம்பிச்சுட்டுப் பாதியில விடாதீங்க, குழந்தைக்கு ஆகாது. நான் சொந்தக்காரங்களோட வேன்ல முன்னாடி போறேன். சுத்தி முடிச்சுட்டுக் கார எடுத்துக்கிட்டு வாங்க. நேரத்துக்கு வரலன்னா உங்க தங்கச்சிக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

இன்னும் பதினோரு கிலோமீட்டர் இருந்தது. மேடம் முன்னால் பறந்தார். பிள்ளைகள் அவருக்குச் சமமாகக் கதை பேசிக்கொண்டே போனார்கள். அடி அண்ணாமலை தாண்டியபோது ஓர் ஆட்டோ என் பக்கத்தில் மெதுவாக வந்தது. நானும் அதை ஆசையோடு பார்த்தேன்.

"சாமிய ஏமாத்தலாமாப்பா?" என்று முன்னாலிருந்து திரும்பிக் கேட்டான் கவின். பிரசங்கத்தை ஒருவன் கேட்டிருக்கிறான்!

எட்டரைக்கெல்லாம் தார் ரோடு சுட ஆரம்பித்தது. "வெள்ளக் கோட்டு மேல நடங்கப்பா, சூடு கம்மி" என்று யாழினி கண்டுபிடித்துச் சொன்னாள். குபேர லிங்கத்திலிருந்து அந்தக் கோட்டின் மேலேயே சர்க்கஸ்காரன் மாதிரி வந்தேன். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம், டிராயர் உரசித் தொடையிலும் ஒன்று. அதைவிடத் தங்கையின் முகத்தை நினைத்துத்தான் அழுகை வந்தது. பிள்ளைகள் அதைக் கவனித்திருக்க வேண்டும். ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். போன் பிடிக்காத அந்தக் கைகளில் எவ்வளவு பலம் என்று அன்றுதான் தெரிந்தது.

பெரிய கோபுரத்தில் மேடம் விடைபெற்றார். வீட்டை அடையும்போது மணி ஒன்பதே முக்கால். வேட்டியைச் சுற்றிக்கொண்டு, செருப்பு நுழையாத காலோடு காரை ஓட்டினேன். கீழ்பென்னாத்தூரில் பந்தல் வாசலில் தங்கை நின்றிருந்தாள். மணி பத்து இருபத்தைந்து.

"அண்ணா, காலு என்ன ஆச்சு?" என்று அலறினாள். அவள் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

மணையில் உட்காரக் காலை மடக்க முடியவில்லை. நீட்டியபடியே உட்கார்ந்தேன். கரி பிடித்த என் இரண்டு உள்ளங்கால்களும் சபையைப் பார்த்தன. குழந்தையை மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். காதில் பட்டதும் குழந்தை திமிறி, என் தொடைக் கொப்புளத்தில் ஓங்கி ஓர் உதை விட்டான்.

பந்தலே அதிரும்படி அலறியது நான். குழந்தை பயந்துபோய் வாயை மூடிக்கொண்டான். அந்தச் சந்தில் ஆசாரி அடுத்த காதையும் முடித்துவிட்டார்.

அந்த ஆல்பத்தின் முதல் படத்தில் இரண்டு பெரிய பாதங்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால், தூரத்தில் நான். இன்றும் வீட்டில் யாராவது "இதோ வந்துடறேன்" என்று கிளம்பினால், "நேராவா, மலை சுத்தியா?" என்று கேட்காமல் யாழினி விடுவதில்லை.

தங்கை மகனுக்கு இப்போது நான்கு வயது. போன மாதம் வீட்டுக்கு வந்த ஒருவர் அவன் கடுக்கனைத் தொட்டு, "குத்துறப்ப வலிச்சுதா கண்ணு?" என்று கேட்டார்.

"எனக்கு வலிக்கல" என்றான். "மாமாவுக்குத்தான்."